காலி டப்பி என்று கொடுத்தது

போட்டோ ஸ்டுடியோ தொழிலில் முகம் வாடிக்கையாளருடையது, பெயர் கணவருடையது, குப்பை மட்டும் மனைவியுடையது. தையற்காரர் வீட்டில் வெட்டுத் துணி, தச்சர் வீட்டில் மரச்சுருள், எங்கள் வீட்டில் பிலிம் டப்பி. வீட்டுக்காரர் தொழிலின் மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்கியே கை காய்த்துப்போன சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூடி

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் சின்னக் கேமராவை எங்கள் வீட்டுக்காரரிடம் விற்றுவிட்டுப் போனார். அதில் போடுகிற பிலிம் சுருள் ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கும். அந்தக் கூடு, திருகுமூடி போட்ட குட்டி அலுமினிய டப்பிக்குள் வரும். தண்ணீர் இறங்காது, எறும்பு ஏறாது. இப்படி ஒரு சாமானைத் தெருவில் எறிகிற ஆண்பிள்ளையை என்னவென்று சொல்வது? சாம்பல் போட்டுத் துலக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஏலக்காய், கிராம்பு, பெருங்காயம் என்று அடுக்கினேன். மூடியில் ஆணியால் துளை போட்டால் மிளகுத்தூள் தூவலாம். பிரயாணத்துக்குத் தேங்காயெண்ணெய் எடுத்துப் போகலாம். ஊறுகாய் மட்டும் போடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. காலி டப்பியை மூடக்கூடாது. படம் எடுத்த சுருள் உள்ளே இருந்தால்தான் மூடவேண்டும். எனக்கோ திறந்து கிடக்கும் டப்பியைக் கண்டால் கை நமைக்கும். கான்வென்ட்டில் பத்து வருஷம் படித்தவள் நான். திறந்ததை மூடு, எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று கன்னியாஸ்திரி மாசேர் விரல் கணுவில் ரூலரால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த படிப்பு, புருஷன் சட்டத்துக்காக மாறுமா? காலியையெல்லாம் மூடி வரிசையாக நிறுத்திவைப்பேன். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்:

"மூடியிருந்தா உள்ள உசுரு இருக்குன்னு அர்த்தம். நீ எல்லாத்துக்கும் உசுரு குடுத்து வெச்சிருக்க."

கடைசிப் படம்

தனகோடி அம்மாள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அப்பளம் இட்டு விற்கிறவர். புருஷன் போன பிறகு ஒரே மகள் சரசுவை அந்த அப்பளத்திலேயே வளர்த்து ஆளாக்கினார். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உத்தியோகம். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் இரண்டு பேரும் கப்பலேற வேண்டும். கல்யாணத்தன்று பெற்றவள் கூடத்துப் பக்கமே வரவில்லை. தாலி இழந்தவள் மணமேடைக்கு எதிரில் வரக்கூடாதாம். யார் போட்ட சட்டமோ. அடுப்படியிலேயே நின்றார். படம் எடுக்கப் போயிருந்த எங்கள் வீட்டுக்காரரின் சுருளில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தபோது, சரசு மாலையும் கழுத்துமாக எழுந்து போய், அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தனகோடி அம்மாள் தன் ஆயுளில் போட்டோவுக்கு நின்றது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்காரர் அன்று ஜுரத்தோடு திரும்பினார். சுருளைக் கழற்றி டப்பியில் போட்டு, மூடி, மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தவர் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை நான் மேஜையைச் சுத்தம் செய்தேன். ஐந்து டப்பி, ஐந்தும் மூடி. வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். குலுக்கிப் பார்க்கக்கூடாதா என்பீர்கள். குலுக்கிப் பார்க்கிற பொறுமை இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுகிற வேலை ஏது?

சரசு கப்பலேறிய மறுநாள் தனகோடி அம்மாள் படம் கேட்டு வந்தார். வீட்டுக்காரர் மேஜையைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் திட்டியிருந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுல நான் எப்டி நின்னேன்னு கூட எனக்குத் தெரியாதும்மா. அவ கைய மட்டும் கெட்டியாப் புடிச்சிருந்தேன்."

மூக்குப்பொடி

டப்பியைத் திறந்தாலும் சுருள் கெடாது. கூட்டுக்குள் இருக்கிறவரை வெளிச்சம் படாது. யாராவது பிலிமின் முனையைப் பிடித்து உருவினால்தான் அத்தனை படமும் போச்சு. ஆகவே, கையில் கிடைத்ததை உருவிப் பார்க்காத ஒருவரிடம் அது போயிருக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

முதலில் எதிர்வீட்டுச் சொல்தாவிடம் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் அவர்களுக்கு அதுதான் பெயர். முசியே என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். டப்பியை ஒரு சங்கிலியில் கோத்து, கடிகாரம் மாதிரி கோட்டுப் பையில் வைத்திருந்தார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, கொடுத்ததைப் பிடுங்கிப்போக வந்துவிட்டேன் என்று நினைத்து, விறைப்பாகத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மூக்குப்பொடி. கொடுத்த அன்று உள்ளே ஒன்றுமில்லை என்பதை நான் ஆறு தும்மலுக்கு நடுவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்:

"குடுத்தத திருப்பிக் கேக்கறது சர்க்கார் பழக்கம், மதாம். நமக்கு எதுக்கு அது?"

ஊசியும் பாசிமணியும்

அடுத்த இரண்டு டப்பிகள் என் கான்வென்ட் தோழி ரெஜினாவிடம். பெண்பிள்ளைகளுக்குப் பூவேலை கற்றுத்தருகிறவள். வருஷா வருஷம் நன்னடத்தைப் பதக்கம் வாங்கினவள் என்பதால் எனக்கு அவளைப் பிடிக்கும், தூரத்தில் இருந்து. ஒன்றில் ஊசி, ஒன்றில் பாசிமணி. இரண்டின்மேலும் பிரெஞ்சில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டுகிறவரை எனக்குத் தாங்கவில்லை. நானே திருகித் திறந்தேன். பாசிமணி தரையெல்லாம் ஓடியது.

கடுகளவு மணி. இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினோம். இரண்டு டப்பியும் காலியாகத்தான் வந்தன என்று அவள் கட்டிலுக்கு அடியிலிருந்தே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்:

"மாசேர் உன் ரிப்போர்ட்ல என்ன எழுதுவாங்க, ஞாபகம் இருக்கா? அவசரம். பத்து வருஷமும் அந்த ஒரே வார்த்தைதான்டி."

சூரணம்

நாலாவது டப்பியை வாங்கினவர் நாட்டு வைத்தியர். அதில் வயிற்றுவலிச் சூரணம் நிரப்பி, மூலக்குளத்தில் ஒரு விவசாயிக்குக் கொடுத்துவிட்டாராம். நிரப்பும் முன் உள்ளே ஏதாவது இருந்ததா என்றால் கண்ணை மூடி யோசிக்கிறார், திறக்கிற வழியாக இல்லை. குதிரைவண்டி பிடித்து மூலக்குளம் போனேன். அந்த மனிதர் களத்துமேட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். டப்பி அவர் இடுப்பில், சூரணத்துக்குப் பதில் சுண்ணாம்போடு. சூரணத்தோடு வேறெதுவும் வரவில்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார். வைத்தியரும் பிறகு கண்ணைத் திறந்து, காலி டப்பிதான் என்றார்.

சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று அவ்வளவு சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. டப்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மருந்து வேல செய்யல. டப்பி நல்லா வேல செய்யுது."

அழுகையை நிறுத்தியது

மிச்சம் ஒன்று. அது மீன்காரி அஞ்சலையிடம் போயிருந்தது. புகையிலை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனாள். நாலு நாளாக எங்கள் தெருவுக்கு மீனும் வரவில்லை, அவளும் வரவில்லை. வைத்திக்குப்பத்துக்கு நடந்தேன். ஈரக்கையும் உப்புக்கையுமாகத் திறந்திருப்பாள், உருவியிருப்பாள், அந்தக் கறுப்பு நாடாவை வலை கட்டவே எடுத்திருப்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். தனகோடி அம்மாளிடம் என்ன சொல்வது என்று தேடினேன். எனக்கு வார்த்தை அகப்படாத நாள் அது ஒன்றுதான்.

குடிசை வாசலிலேயே சத்தம் கேட்டது. கடக், கடக். அஞ்சலையின் கைக்குழந்தை ஏணையில் உட்கார்ந்து டப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தது. பல் முளைக்கிற ஜுரமாம், நாலு நாளாக ஒரே அழுகையாம். மீன் வழுவழுப்பில் டப்பி மூடி அவள் கைக்குத் திறக்கவில்லை. கீழே போட்டபோது உள்ளே கடகடத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியதாம். அதற்கப்புறம் அதைத் திறக்க அவளுக்கென்ன பைத்தியமா? நான் கையை நீட்டினேன். குழந்தை கடற்கரைக்கே கேட்கிற மாதிரி கத்தியது. கையோடு கொண்டுபோன காலி டப்பியில் புளியங்கொட்டை போட்டுக் கொடுத்தேன், வீசியது. கிளிஞ்சல் போட்டுக் கொடுத்தேன், என்மேலேயே வீசியது. எனக்குத் தெரிந்த மூன்று பாஷையும் அதனிடம் செல்லவில்லை. கடைசியில் அதன் பார்வை என் இடுப்பில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் யாரிடமும் கொடுக்காத சாவிக்கொத்து. அலமாரி, உக்கிராண அறை, பெட்டி எல்லாம் அதில்தான். அவிழ்த்துக் கொடுத்தேன். குழந்தை டப்பியை விட்டது. மூடியெல்லாம் ஈறு பட்ட எச்சில். திருகிப் பார்த்தேன்: கூடு, உள்ளே சுருள், ஒரு விரல்கூடப் படாமல்.

அஞ்சலை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்:

"காலி டப்பின்னு குடுத்த. இப்ப ஊட்டுச் சாவியவே குடுத்துட்டுப் போற. அதுக்குள்ள இன்னாதான் யம்மா இருந்துச்சு?"

உள்ளே இருந்தது

அன்றே வீட்டுக்காரர் இருட்டறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே நின்று, ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்காமல் இருந்தேன். நம்புங்கள், இருந்தேன். கடைசிப் படத்தை இரண்டு பிரதி போட்டார், ஒன்று கப்பலைத் துரத்திக்கொண்டு போக.

தனகோடி அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை ஓரத்தில் பிடித்து வாங்கினார். மாலையோடு சரசு, அவள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் தனகோடி அம்மாள், புடவையில் அடுப்புக்கரி, மகள் கை அவர் கைக்குள். கண் மட்டும் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறது. நெடுநேரம் பார்த்தார். நான் எதிரில் நிற்பதையும் மறந்து, படத்திடம் சொல்வது போலச் சொன்னார்:

"ஒளிஞ்சி நின்னேன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். நேராத்தான் நின்னிருக்கேன்."

சாவிக்கொத்து மூன்றாம் நாள் மீன்கூடையோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலியாக இருக்கிற எதையும் நான் மூடுவதில்லை, என் வாயையும் சேர்த்துத்தான்.