ஸ்டெல்லா அக்கா போட்ட வேலி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்தேன். பாலக்கரையிலிருந்து ஓர் ஆண் குரல். "மெட்ராஸுக்கு அர்ஜென்ட் கால் ஒண்ணு புக் பண்ணணுங்க. எங்க அக்கா ஸ்டெல்லா தவறிட்டாங்க." பேசியவர் அவருடைய தம்பி. பத்து வருடங்கள் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தவரின் மரணச் செய்தியை நானே இணைத்துக் கொடுத்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது அவர் சீனியர் ஆபரேட்டர். காலில் அடிபட்ட தெருநாய் ஒன்றைச் சேர்ப்பதற்காக ஒருநாள் உறையூர்ப் பக்கத்துப் பிராணிகள் காப்பகத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே தகரக் கொட்டகையில் முப்பது நாய்கள். பகலெல்லாம் சங்கிலியில். பின்னால் ஓர் ஏக்கர் நிலம் முள் மண்டிக் கிடந்தது.

"அதுல ஓட விடலாமே சார்?" என்று செயலாளரைக் கேட்டார்.

"சோத்துக்கே திண்டாட்டம்மா. வேலிக்கு எங்க போறது?"

"சோறு போட்டு நாள் பூரா கட்டி வச்சா அது காப்பகம் இல்ல சார், லாக்கப்."

செயலாளர் கெடு வைத்தார். சித்திரைக்குள் வேலி வராவிட்டால் நிலம் விறகுக்கடைக்கு வாடகைக்குப் போகும்.

ஷிப்ட் முடிந்ததும் வேலிக்கு நன்கொடை கேட்டு வீடு வீடாகக் கிளம்பினோம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மாமனார் முகத்தைச் சுளித்தார். "மனுஷாளுக்கே இடமில்லே. நாய்க்கு மைதானமா?"

நான் கூசிப்போனேன். அக்கா கூசவில்லை. "உங்க மாட்டை நாள் பூரா கட்டியே வச்சிருப்பீங்களா மாமா?"

"அதெப்படி? காலாற விட்டாத்தானே பால் கறக்கும்."

"நாய் பால் கறக்காதுங்க. அதனாலதான் அதுக்காக நான் வந்து கேக்க வேண்டியிருக்கு."

மாமனார் உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார்.

ஐப்பசியில் மூங்கில் வேலி எழுந்தது. அடுத்த மாதமே வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. சேற்றில் நின்று நான் அழுதேன். அக்கா ஒரு மூங்கிலைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஆழம் பத்தல. இந்தத் தடவை கல்லுதான்" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் ஆளுக்கு ஒருநாள் ஓவர்டைம் சம்பளத்தைக் கம்பிக்குத் தந்தோம். மாமனார் ஒருநாள் தாமாகவே சொன்னார்: "மாட்டைத்தான் வித்தாச்சே, கொட்டில் சும்மாத்தானே நிக்கறது. கல்தூணையெல்லாம் அந்தப் பொண்ணை எடுத்துண்டு போகச் சொல்லு." பங்குனிக் கடைசியில் வேலி முடிந்தது.

முதலில் மணி என்ற செவலை நாயை அவிழ்த்து விட்டோம். ஏழு வருடம் கட்டிக் கிடந்தது அது. மைதானத்தின் நடுவில் நின்று, சங்கிலி நீளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கப்பால் ஓரடி வைக்கவில்லை.

"பாத்தீங்களா? இதுங்களுக்கு இது வேண்டியதே இல்ல" என்றார் செயலாளர்.

அக்கா செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "மணி, வாடா!" என்று கூவியபடி வேலிவரை ஓடினார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. மூன்றாவது முறை அவர் ஓடியபோது மணி இரண்டடி வைத்தது. பிறகு அவரையும் முந்திக்கொண்டு பறந்தது. செயலாளர் அடுத்த நாயின் சங்கிலியை தாமே அவிழ்த்தார்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகக் கோளாறு அக்காவைப் படுக்கையில் தள்ளியது. போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க நிழலே இல்ல பத்மா. வெயில்ல அதுங்க காலு சுடுது. மரக்கன்னு கேட்டு முனிசிபாலிட்டிக்கு ரெண்டு தடவை எழுதினேன். பதிலே இல்ல. விடாதே" என்றார்.

புதனன்று அடக்கம் முடிந்ததும், அவர் கல்லறைக்கு மண் போட்ட கையோடு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருந்த நாங்கள் நால்வரும் காப்பகத்துக்குப் போனோம். மண்வெட்டி வாங்கி மரக்கன்றுகளுக்காக ஆறு குழி தோண்டினோம். நாய்கள் சுற்றி நின்று புதுமண்ணை முகர்ந்தன.

அக்கா, மூன்றாவது கடிதம் இன்று காலைத் தபாலில் போய்விட்டது. அதற்கும் பதில் வராவிட்டால் நேரிலேயே போய் நிற்போம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.