வலது காலுக்குப் பப்பாளி

ஜப்பான்காரன் வந்ததும் சிங்கப்பூரில் என் மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது. பினாங்குக்குத் திரும்பி, ஆஸ்பத்திரியில் புண் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அரை டாக்டர். எந்த அரை என்பதுதான் நோயாளிகளின் கவலை.

மருந்து அலமாரியில் பல்லிகள் குடியிருந்தன. வார்டு முழுக்கக் கால் புண். அந்த நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

எங்கள் பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "மருந்து இல்லையெண்டால் கேள்வியும் இல்லையோ?" என்றார். "பழுத்த பப்பாளி புண்ணை ஆத்துமெண்டு சனம் சொல்லுது. உப்புத் தண்ணியோட ஒப்பிட்டுப் பாரும்."

ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டேன்! எந்தப் பக்கம் நின்றால் படத்தில் நன்றாக விழுவேன் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். எந்தப் பக்கமும் தேறவில்லை.

கிடைத்தவர் ஒரு பேச்சாக்காரர், மூன்று சக்கர வண்டி மிதிக்கிறவர். இரண்டு காலிலும் புண். இடது காலை உப்புத் தண்ணீரால் நானே கழுவினேன். வலது காலுக்குப் பப்பாளியை மசித்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவேன். அவரே பூசி, வாழையிலையால் கட்டிக்கொள்ள வேண்டும்.

"கால் தேறிடும்ல தம்பி? பேச்சா மிதிச்சாத்தான்லா வீட்ல அடுப்பு எரியும்."

"ரெண்டு காலுக்கும் பந்தயம் வெச்சிருக்கேன் அண்ணே. எது ஜெயிச்சாலும் பரிசு உங்களுக்குத்தான்."

இடது கால் ஆறியது. வலது காலில் எலும்பு தெரிந்தது. பப்பாளி உதவாது என்று டாக்டரிடம் பெருமையாக முடிவு சொன்னேன்.

"ஏனெண்டு அந்தாளைக் கேட்டனீரோ?"

காலைத்தான் பார்த்திருந்தேன், ஆளைக் கேட்கவில்லை. போய்க் கேட்டேன். அவர் காலிச் சிரட்டையைப் பார்த்தார்.

"தின்னுட்டேன் தம்பி. வெறும் இலையத்தான் கட்டினேன். பசிலா."

வார்டுக் கஞ்சியில் அரிசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் குடித்ததும் அதே கஞ்சி. பப்பாளி மசித்த விரலை நக்கிய எனக்கே இது தோன்றவில்லை.

வலது காலை எடுத்தார்கள். மயக்க மருந்து பாதியில் தீர்ந்தது. தோளை அழுத்திப் பிடித்தது நான்.

மறு வாரம் டாக்டர் இன்னொரு நோயாளியைக் காட்டினார். "நீர் திரும்பத் தொடங்கும். முதல்ல வயித்துக்குக் குடும். பிறகு பக்கத்தில நிண்டு நீரே பூசும்."

பழத்தோடு போனபோது பேச்சாக்காரர் கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, பழம் நல்ல இனிப்புலா, எழுதிக்குங்க. அப்படியே ஒத்தக் கால்ல பேச்சா மிதிக்கலாமான்னும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுங்க."

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.