ஓடைக்கரையில் ஒரு நல்லி எலும்பு

திரேஸ்புரம் ஜோன்ஸ் பதினெட்டு வருடம் சங்கு குளித்தவர். இடது காதுச் சவ்வு கிழிந்த பிறகு கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தன் ஊர்த் துறைமுகத்திலிருந்து அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு நிலக்கரி லாரி ஓட்டுகிறார்.

ஆலை வாசலில் சரக்கு இறக்க அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். ஜோன்ஸ் பக்கத்து ஓடைக்கு நடந்தார். அதன் கரையில் கல்லாகிப்போன சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன. கடலே இல்லாத ஊரில் யார் கொண்டுவந்து கொட்டியது? நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரண்டு ஓடும் மூடியபடி இருந்தன. தின்று எறிந்தது என்றால் திறந்தல்லவா கிடக்கும்? இவை அங்கேயே வாழ்ந்து செத்தவை.

அதன்பின் ஒவ்வொரு நடையும் ஓடைக்குப் போனார். மழை விட்ட ஒரு நாள், சிப்பி அடுக்குக்கு மேலிருந்த செம்மணல் சரிந்து, தொடை கனத்தில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அசைத்ததும் முறிந்து கையோடு வந்தது. சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கல்லையா சுமந்துட்டு வாரீய?" என்று அலுத்துக்கொண்ட மனைவி கிளாடிஸ், முறிந்த பக்கத்தைக் கண்டதும் குனிந்துவிட்டார். "இங்கன பாருங்க, ஓட்டை ஓட்டையா. கறிக்கடையில நல்லி எலும்ப வெட்டுனா உள்ள இப்படித்தான இருக்கும்?"

"இம்புட்டுத் தடியா எந்த மாட்டுக்கு எலும்பு இருக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

மறுநாள் இருவரும் ஒரு கல்லூரிக்குப் போய், நிலவியல் பேராசிரியை ரம்யாவிடம் அதைக் காட்டினார்கள். அவர் நாக்கு நுனியை அதில் வைத்தார். ஒட்டிக்கொண்டது.

"கல்லான எலும்பு சில நேரம் இப்படி ஒட்டும். டைனோசரா இருக்கலாம்," என்றார். "ஆனா அண்ணாச்சி, இத நீங்க எடுத்திருக்கக் கூடாது. எந்த அடுக்குல கெடந்துச்சுன்னு தெரியாட்டா ஆராய்ச்சிக்கு உதவாது."

ஜோன்ஸுக்கு முகம் சுண்டிப்போனது. "இடம் எனக்குத் தெரியும் மேடம்."

உரிய அனுமதி வாங்கி, இரண்டு வாரம் கழித்து மூவரும் போனார்கள். இடையில் பெய்த மழையில் கரை மறுபடி சரிந்து, ஓடை அடையாளமே தெரியவில்லை. ரம்யா கவலையோடு பார்த்தார். ஜோன்ஸோ தரையைப் பார்க்கவே இல்லை; தூரத்தையே பார்த்தபடி நடந்தார்.

"நடுக்கடல்ல இடம் பிடிக்கணும்னா கரையில ரெண்டு அடையாளம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரணும், இன்னொரு பக்கமும் அதே மாதிரி ஒரு சோடி வரணும் மேடம். இங்கனயும் அப்படிப் பாத்து வச்சேன்." ஆலைப் புகைபோக்கி ஒற்றைப் பனைக்குப் பின்னே மறைந்தது. வலப்பக்கம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஓர் ஆலமரத்துக்கு நேர் மேலே வந்தது. அவர் நின்றார். "இங்கனதான்."

ரம்யா மணலைச் சிறிது சிறிதாக ஒதுக்கினார். இரண்டு மணி நேரத்தில் எலும்பின் மறுபாதி தெரிந்தது. முறிவும் முறிவும் பொருந்தின. கிளாடிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கீழ கடல் சிப்பி, மேல தரையில நடந்த மிருகம். அது எப்படி மேடம்?" என்று கேட்டார் ஜோன்ஸ்.

"முதல்ல இங்க கடல். அது பின்வாங்கின பிறகு ஆறு வந்து மணல் போட்டிருக்கு. இது அந்த ஆத்தங்கரையில செத்திருக்கணும்."

எந்த வகை மிருகம் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஜோன்ஸ் இப்போது எதையும் தொடுவதில்லை. அளவு தெரியப் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் பிடித்து ரம்யாவுக்கு அனுப்புகிறார். போன வாரம் உருண்டையான ஒன்றின் படத்தை அனுப்பி, "முட்டையா மேடம்?" என்று கேட்டிருந்தார்.

"இல்ல அண்ணாச்சி, வெறும் சுண்ணாம்புக் கட்டி."

உடனே அடுத்த கேள்வி போனது: "அது எப்படி இவ்வளவு உருண்டையாச்சு?"