சித்தியின் கையில் விழுந்த நீலம்

எழுபதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சித்தப்பாவின் கல்யாணம் என் தலையில் வந்து விழுந்தது. கிள்ளானிலிருந்து வரப்போகும் சித்தி இந்துக் குடும்பத்துப் பெண். ஞானஸ்நானம் பெறாமல் மாதா கோயிலில் தாலி ஏறாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு முன் கோயில் சாமியார் கேள்விகள் கேட்பார். ஞானோபதேச வகுப்பில் நான் முதலாவது என்பதால், சித்திக்குப் பாடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

சித்திக்குப் பத்துக் கட்டளைகளில் எட்டு வந்தன. ஞானஸ்நானம் முதலான ஏழு திருச்சடங்குகளுக்கு, அதாவது தேவதிரவிய அனுமானங்களுக்கு, இரண்டு பேருக்கு மேல் நகரவில்லை. "பேரே வாயில நுழைய மாட்டேங்குது லா தம்பி," என்று சித்தி சிரிப்பார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஐந்து குறைந்தால் கல்யாணம் நின்றுவிடுமே.

அந்தச் சனிக்கிழமை மாலை அப்பாவும் சித்தப்பாவும் நானும் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெயில் தரையில் நீண்டு கிடந்தது. அதில் தூசிகூட நீந்துவதுபோல மெதுவாக நகர்ந்தது. இளம் சாமியார் கேட்கக் கேட்க, எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சித்தி எதற்கும் பதில் சொல்லாமல் மடியில் விழுந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கும்மா இங்க வரணும்னு நினைக்கிறீங்க?" என்றார் சாமியார்.

"முதல் தடவை இவங்களோட வந்தப்ப இந்த நீலம் என் கையில விழுந்துச்சு ஃபாதர். கையை எடுக்கவே மனசு வரல. இவ்ளோ அழகு யாரோடதுன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அப்பா இரண்டு முறை இருமினார். சாமியார் அவர் பக்கம் திரும்பி, ஆதித் திருச்சபையின் ஞானிகளும் இதைத்தான் சொன்னார்கள் என்றார். உலகத்தின் அழகு கண்ணில் படும். அங்கேயே நின்றுவிடாமல் அதை உண்டாக்கியவரைத் தேடிப் போனால் அதுவே வழியாகிவிடும். பிறகு சித்தியிடம், "ஒருவேளை இந்தக் கல்யாணம் நடக்கலேன்னா?" என்று கேட்டார்.

சித்தி யோசிக்கவே இல்லை. "அப்பவும் வருவேன் ஃபாதர்."

ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. சித்தியைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அப்பா நிம்மதியாக முன்னால் போனார். சித்தப்பா மட்டும் பின்தங்கி வந்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் பாஸ் ஆயிட்டாங்களே சித்தப்பா," என்றேன். "கல்யாணம் நடக்கலேன்னான்னு கேட்டப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே அவ," என்றார். சித்தி அந்த ஐந்தையும் சொல்லாமல் விட்டதுதான் அவருக்கு வருத்தம் என்று நினைத்து, கல்யாணத்துக்குள் எப்படியாவது சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.