செவலைக்கு ஆறு குவளை

குதிரைப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளைக் குவளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கொஞ்சம் நக்கலும் உண்டு. மலை மாதிரி நிற்கிற குதிரைக்கு ஒரு தகரக் குவளைத் தானியம்தான் வைப்பாள். அதுவும் காய்ந்த புல்லை வயிறாரத் தின்னவிட்ட பிறகு.

"உன் புருஷனுக்கும் இப்படித்தான் அளந்து போடுறியா?" என்று லாயம் கூட்டுகிற பெரியவர் வம்புக்கு இழுப்பார்.

"அவருக்கு அளவே கிடையாது பெரியப்பா. அதான் இங்க மிச்சம் பிடிக்கிறேன்."

விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்தவள். இங்கே வந்த முதல் வாரத்தில் கால்நடை டாக்டரம்மா சொன்ன ஒன்று மட்டும் ஆணியடித்த மாதிரி மனதில் நின்றுவிட்டது. குதிரைக்கு உடம்புதான் பெரிசு, இரைப்பை சின்னது. நாள் முழுக்கப் புல்லைக் கொறிக்கிற பிராணி அது. தானியத்தைக் கொட்டினால் செரிக்காமல் பின்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயு கட்டிக்கொள்ளும். மனிதன் என்றால் வாந்தியெடுத்துத் தப்பித்துக்கொள்வான். குதிரைக்கு வாந்தியெடுக்க வராது.

தம்பி மனைவிக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் போகவேண்டி வந்தது. அவள் பார்த்துக்கொள்கிற குதிரை செவலை, வேறு யார் கையிலும் தின்னாது. அவளை அழைத்துப்போகச் சாயங்காலம் லாயத்துக்கு வருகிற கணவனை மட்டும் அதற்குப் பழக்கம். அவன் கொத்தனார். நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு ஒரு குவளை என்று அவனிடம் நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் சாயங்காலம் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. செவலை தரையைப் பிறாண்டுகிறதாம், திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறதாம். வயிற்றுவலிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கிளம்பினாள்.

லாயத்தில் டாக்டரம்மா செவலையின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவன் ஓரமாக நின்று கையைப் பிசைந்தான்.

"எவ்வளவு போட்டீங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"ஆறு."

"ஆறா?"

"ரெண்டு நாளும் கான்கிரீட் வேலை. நடுவுல வரமுடியாது. அதான் ரெண்டு நாளுக்குள்ளதையும் விடியக்காலையிலேயே வெச்சிட்டேன். வேணுங்கிறப்போ கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கும்னு நெனச்சேன்மா."

"அதென்ன டிபன் கேரியரா, மூடி வெச்சுத் தின்ன?"

அவள் குனிந்து செவலையின் விலாவில் காதை வைத்தாள். எப்போதும் குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரிக் கேட்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "தீனி எதுவும் குடுக்காதீங்க. அப்பப்ப மெதுவா நடத்துங்க. சாயங்காலத்துக்குள்ள லத்தி போட்டா பொழச்சிடும். போடலைன்னா ஆபரேஷன்தான். அதுக்கு இங்க வசதி இல்லை."

நடத்தினார்கள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். படுக்கப் பார்த்தால் இருவருமாக எழுப்பினார்கள். மூன்று மணிக்கு விலாவுக்குள் கடமுட என்று ஏதோ உருண்டது. அவள் நின்றுவிட்டாள். அவனும் விலாவில் காதை வைத்தான்.

நாலரைக்குச் செவலை வாலைத் தூக்கியது. பொத் பொத்தென்று ஏழெட்டு உருண்டைகள், ஆவி பறக்க விழுந்தன.

"போட்டிருச்சு, போட்டிருச்சு" என்று பெரியவர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். "இத்தனை வருஷமா அள்ளுறேன். இதுக்குப் போய்ச் சந்தோஷப்படுவேன்னு நெனச்சதில்ல."

அவள் செவலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். செவலையோ தீனித் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் தோளை இடித்தது.

கணவன் குவளையை எடுத்துவந்து பயபக்தியோடு நீட்டினான். "இப்ப எவ்வளவு வைக்கணும்?"

"ஒண்ணும் கிடையாது. டாக்டரம்மா சொன்னப்புறம் ஒரு கை புல்லு."

"காலையிலேர்ந்து நானும் ஒண்ணும் சாப்பிடல."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "வாங்க. உங்களுக்கு ஆறு குவளை வெச்சாலும் ஒண்ணும் ஆகாது."