கட்டி வைத்த பை

முழங்கால்களில் ஐஸ் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, ரூஃபஸ் டில்லர்ட் தன் சட்டைகளை மடித்துப் பைக்குள் அடுக்குகிறார். அடுத்த ஆட்டமும் இதே பிட்ஸ்பர்க்கில்தான், இதே உடைமாற்றும் அறையில்தான். இருந்தாலும் அலமாரியில் மாட்ட மாட்டார். ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் குளிக்கப் போவார்.

ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. கூடைப்பந்தில் மாற்று சென்டர். முதல் ஐவரில் இருக்கும் சென்டருக்கு மூச்சு வாங்கும்போது உள்ளே போய், எதிரணித் தடியர்களை முதுகால் முட்டி நிறுத்தி, இரண்டு ஃபவுல் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பிவிட வேண்டும். எத்தனை அணியில் ஆடினீர்கள் என்று யாராவது கேட்டால், "எம்பொண்ணு எத்தனை பள்ளிக்கூடம் மாறினாளோ அத்தனை" என்பார். அந்த மகள் இமானி இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு ஊருன்னா நீ மட்டும் போப்பா. நான் வரல." அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் கெட்டது.

அணியின் செல்லப்பிள்ளை கேடன் மோரோ, முதல் ஐவரின் சென்டர், அவரைச் சீண்டாத நாளில்லை.

"பெருசு, பையைப் பிரிச்சு வெச்சா கை தேஞ்சிடுமா?"

"ஒரே ஒரு தடவை பிரிச்சேன் தம்பி. அன்னிக்கே வித்துட்டானுங்க."

கேடன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரெங்கும் சுவரொட்டிகளில் நிற்பவன், புதுவீடு வாங்கியவன். அவனுக்கென்ன?

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஒருவரை வேறு அணிக்கு விற்றுவிட்டால், அலுவலக ஆள் வந்து பயிற்சியாளரின் காதைக் கடிப்பார். விற்கப்பட்டவர் பிறகு களத்தில் இறங்கக் கூடாது. பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து அவரைக் கட்டிக்கொள்வார்கள். இதற்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு கெடு உண்டு; அது தாண்டிவிட்டால் அந்த வருஷம் யாரையும் விற்க முடியாது.

விற்பனைக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மூன்றாம் கால்பகுதியில் அந்த ஆள் வந்தார். தன்னைத்தான் என்று ரூஃபஸ் முடிவே கட்டிவிட்டார். ஆட்டத்துக்குச் சிறு இடைவேளை விட்டிருந்ததால் கேடன்கூட அப்போதுதான் வெளியே வந்து உட்கார்ந்திருந்தான். யாருக்கும் சங்கடம் வேண்டாமென்று ரூஃபஸே எழுந்து, பெஞ்சின் கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார். மேலே, பார்வையாளர் வரிசையில் இமானி சாண்ட்விச்சும் கையுமாக எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்கய்யா கிளம்பிட்ட?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல கோச்... என்னைத்தானே..."

"உன்னை எவன்யா கேட்டான்? கேடனை வித்துட்டாங்க. நீ உள்ள போ."

ரூஃபஸுக்குக் காது அடைத்துப்போனது. கேடனையா? அணியே அவன்தானே! பெஞ்சே விக்கித்து உட்கார்ந்திருந்தது. வழக்கத்தைக்கூட மறந்து, அவனைக் கட்டிக்கொள்ள ஒருவரும் எழவில்லை. "நானா? என்னையா?" என்று கேடன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டான். ரூஃபஸ் களத்தில் இறங்கினார். என்ன ஆடினார் என்று அவருக்கே நினைவில்லை.

ஆட்டம் முடிந்து அறைக்குள் வந்தபோது, கேடன் தன் அலமாரியைத் திறந்துபோட்டு, குவிந்து கிடந்த காலணிகளுக்கு நடுவே நின்றிருந்தான். விடிந்தால் விமானம்.

"எதுல எடுத்துட்டுப் போறதுன்னே தெரியல ரூஃபஸ்."

அவன் வாயிலிருந்து 'பெருசு' வரவில்லை. கெடு முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. வாசலில் இமானி அப்பாவுக்காகக் காத்திருந்தாள். ரூஃபஸ் தன் பையை இழுத்தார், ஜிப்பைத் திறந்தார், தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். சட்டைகளெல்லாம் தரையில் விழ, காலிப் பையை அவன் கையில் கொடுத்தார்.