நாலாமிடம் எங்கே போனது

ஹங்கேரி வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் நான் முழிப்பேன். ஆனால் ஒன்பது வயதில் அந்த நாட்டுக்காரி ஒருத்தியின் எடை எத்தனை கிலோ, எந்த முழங்காலில் ஆபரேஷன், எந்தக் கையால் பிடித்தால் எதிராளியைத் தூக்கிவிடுவாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இது மட்டும் எப்படி ஏறுகிறது என்று அம்மாவுக்குத் தீராத சங்கடம்.

எல்லாம் சித்தியால் வந்தது. அம்மாவின் தங்கை. முட்டத்தில் எங்களோடு இருந்துகொண்டு தினமும் பஸ் ஏறி நாகர்கோவில் கல்லூரிக்குப் போய்வந்தாள். போன இடத்தில் ஜூடோ படித்தாள். ஊரில் அதைக் கராத்தே என்றுதான் சொல்வார்கள். மீன் வாங்கப் போனால், "ஒனக்க சித்தி ஓடு ஒடைப்பாளா மக்கா?" என்று கேட்பார்கள். உடைப்பாள் என்று சொல்லிவிடுவேன். இது அதில்லை, சட்டையைப் பிடித்து ஆளைத் தூக்கி முதுகு தரையில் படும்படி போட வேண்டும், அப்படிப் போட்டால் ஆட்டம் முடிந்தது என்று விளக்கிக்கொண்டு நின்றால் வாங்கிய மீன் கெட்டுப்போகும்.

சாயங்காலம் வந்து கால் கழுவியதும் சித்தி போனை எடுத்து ஹங்கேரிக்காரியைப் பார்ப்பாள். அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நானும் பார்ப்பேன். இறுக்கிப் பின்னிய மஞ்சள் முடி, பத்து விரலிலும் பிளாஸ்திரி. சின்ன வயதில் அவள் ஜெயிக்காத போட்டி இல்லை. பிறகு முழங்கால் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது ஒரு எடைப்பிரிவு மேலே ஏறியிருந்தாள். எதிரே நின்றவர்கள் எல்லாம் அவளைவிடப் பெரிய ஆட்கள். தோற்க ஆரம்பித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

ஏனென்றால் தோற்றவுடன் அவள் எழுந்து, கலைந்த சட்டையை இழுத்துவிட்டு, பெல்ட்டை முடிந்து, தன்னைத் தூக்கிப் போட்டவளுக்கே தலை வணங்குவாள். பாண்டி ஆட்டத்தில் தோற்றால் தரையில் போட்ட கோட்டையே காலால் அழித்துவிட்டு வருகிறவள் நான். இவள் எதற்கு இப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் வாங்கிய இடங்களை எழுதிவைத்தேன். ஐந்து, ஏழு, ஐந்து, ஐந்து, ஏழு, ஐந்து.

எழுதும்போது இன்னொன்று இடித்தது. அவள் மட்டுமில்லை, யாருமே நாலாவதாக வரவில்லை. சித்தியிடம் கேட்டேன். வெண்கலம் இரண்டு பேருக்கு உண்டு, இரண்டுக்கும் தனித்தனி ஆட்டம், அதில் தோற்கிற இரண்டு பேரும் ஐந்தாமிடம் என்றாள்.

"அப்பம் நாலாமிடம் எங்க போச்சு?"

"அது ஒருத்தருக்கும் கெடயாது மக்கா."

எங்கள் டீச்சர் இப்படி ரேங்க் போட்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தச் சங்கதி தெரியாத ஒருவர் வீட்டில் இருந்தார். வீட்டில் என்றால் பஹ்ரைனில். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவரான மாமா அங்கே மீன்பிடி படகில் வேலை பார்த்தார். தாத்தா கடலோடு போன பிறகு வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்து சட்டம் சொல்வார். எங்கள் கடற்கரையில் எல்லாரையும்போல அவருக்கும் உலகத்தில் ஒரே விளையாட்டுதான், கால்பந்து. இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அவர் கோல்கீப்பராக நின்ற டீம் போட்டோ தொங்கும். அதற்குக் கீழே கண்ணாடி போட்ட சர்டிபிகேட், நான்காம் இடம். அதை ஒட்டித் தாத்தா படம், இறந்த தேதியோடு. அதனால் சித்தி மாநிலப் போட்டிக்குக் கிளம்பியபோது மாமா போட்ட நிபந்தனையும் கால்பந்து நிபந்தனையாகவே இருந்தது. "மொத நாலுக்குள்ள வந்தா மேக்கொண்டு ஆடட்டு. இல்லேண்ணா இதோட நிறுத்தீரணும். கைகால் ஒடிஞ்சா எவன் கெட்டுவான்?"

சித்தி சரி என்று சொல்லிவிட்டு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, ஜூடோ உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். ஒன்றில் தோற்று, தோற்றவர்களுக்குத் தருகிற மறுவாய்ப்பில் இரண்டை ஜெயித்து, வெண்கல ஆட்டத்தில் கடைசி நேரத்தில் விழுந்திருக்கிறாள். ஐந்தாமிடம்.

வெள்ளிக்கிழமை அம்மா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தாள். சித்தி அஞ்சு என்றாள். மாமா, "அப்பம் பேசுனபடி" என்றார். சித்தி தலையாட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. நான் கணக்கு நோட்டை எடுத்துவந்து போனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன்.

"மாமா, இதுல நாலாமிடமே கெடயாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு, அஞ்சு, அஞ்சு. இல்லாத எடத்துல போயி எப்பிடி நிக்க முடியும்?"

ஒரு நிமிஷத்துக்கு மேல் யார் பேச்சையும் கேட்காத மாமா, அன்றைக்கு ஹங்கேரிக்காரியின் முழுச் சரித்திரத்தையும் கேட்டார். முழங்கால், எடைப்பிரிவு, ஐந்து, ஏழு எல்லாம். கேட்டு முடித்துச் சிரித்தார். "செரி, இவ நாலாமிடம்ணே வச்சுக்கிடுவோம்" என்றார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது பார்த்துச் சித்தி வாயைத் திறந்தாள். "வேண்டாம்ண்ணே. நான் அஞ்சுதான். நாலுண்ணு சொல்லிக்கிட்டு ஆட வேண்டாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தொடையைக் கிள்ளிவிட்டேன். கேஸை ஜெயித்துக் கையில் கொடுத்தால் கட்சிக்காரியே வேண்டாம் என்கிறாள்.

மாமா சித்தியை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"மக்கா, அந்தப் பிள்ள இப்பிடி அஞ்சு, ஏழுண்ணு கெடக்கும்போ, அவ வீட்டுல நிறுத்தச் சொல்லலியா?"

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "அது நோட்டுல இல்ல மாமா."

"பாத்துச் சொல்லு, கேட்டியா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நிறுத்துகிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. லீவுக்கு வந்த படகுக்காரர் ஒருவர் கையில், நீல நிறத்தில் ஒரு ஜூடோ உடுப்பு கொடுத்தனுப்பினார். சித்திக்கு இரண்டு அளவு பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் ஹங்கேரிக்காரி வெண்கலம் வாங்கினாள். நோட்டில் மூன்று என்று எழுதி வட்டம் போட்டேன். சித்தி தானே வாங்கியதுபோல அழுதாள்.

எல்லாம் என் வாதத் திறமை என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மாமாவுக்குப் பதில் சொல்ல அந்த ஹங்கேரிக்காரியின் வீட்டாரை வீடியோ வீடியோவாகத் தேடியதும் உண்டு. அகப்படவில்லை. மாமா அந்த நான்காம் இடச் சர்டிபிகேட் வாங்கிய வருஷம்தான் தாத்தா கடலோடு போனதும், இருபது வயது மாமா வீட்டுக்காகப் பந்தை விட்டுவிட்டு வலையைப் பிடித்ததும். தேதியெல்லாம் சுவரிலேயே இருந்தது. மாமா ஹங்கேரிக்காரியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.